முப்பது மைக்ரோகிராமின் சாட்சி

உதகையிலிருந்து கூடலூருக்குச் செல்லும் சாலைக்கு வடக்கே, படுகர் ஊர்களும் தோடர் மந்துகளும் கிளன்மார்கன் தேயிலைச் சரிவுகளும் அடுத்தடுத்து விரிந்து, பின்னர் மாயாற்றுப் பள்ளத்தை நோக்கிச் சட்டென்று இறங்கிவிடும் சோலூர் வட்டாரத்தில், கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து விலையின்றிப் பெறக்கூடிய ‘மாலா-என்’ என்னும் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றுள் 7 மாத்திரைகள் வெறும் இரும்புச் சத்து. மற்ற 21 மாத்திரைகளில் ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும், எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராமும் அடங்கியிருக்க வேண்டும். பின்னதாகச் சொன்னது, பெண்ணுடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைச் சிறிது மாற்றி மனிதன் ஆக்கிய செயற்கைப் பொருள். 0.03 மில்லிகிராம் என்பது 30 மைக்ரோகிராம். கண்ணுக்குப் புலப்படாத, சாதாரணத் தராசில் நிற்காத அளவு. அந்தப் பொடியில் ஒரே ஒரு கிராம் கிடைத்தால், ஏறக்குறைய 1,600 பெண்களுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய மாத்திரைகளைச் செய்துவிடலாம்.

இவ்வளவு சொற்பமான ஒரு பொருள், அட்டையில் அச்சிட்டபடியே மாத்திரைக்குள் இருக்கிறதா என்பதை விழுங்குகிறவள் அறியாள். கொடுக்கும் செவிலியும் அறியாள். எழுதிக் கொடுத்த வைத்தியரும் அறியார். அறிந்து சொல்ல வேண்டியது ஆய்வுச்சாலை. ஆனால் ஆய்வுச்சாலையும் தானாக ஒன்றையும் அறிந்துவிடுவதில்லை என்பதைச் சாதாரணமாக நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. மாத்திரையைப் பொடித்துத் தக்க கரைப்பானில் கரைத்து, நுண்ணிய துகள்கள் நிரம்பிய உலோகக் குழாயின் வழியே மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும்போது, உள்ளே கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் அதனதன் இயல்புக்கு ஏற்ப வெவ்வேறு கணத்தில் வெளிவருகின்றன; வெளிவரும்போது புறஊதா ஒளியை அவை விழுங்குவதைக் கருவி உணர்ந்து, காகிதத்தில் ஒரு சிறு மேடாக வரைந்து காட்டுகிறது. குரோமட்டோகிராபி என்று வழங்கும் இந்த முறை எத்தனை நுட்பமானதாயினும், அந்த மேடு தனியாக நின்று எதையும் சொல்லாது. அதே நாளில், அதே கருவியில், அதே கரைப்பானில், தூய்மை முன்பே நிர்ணயிக்கப்பட்ட எத்தினைல் ஈஸ்ட்ரடயாலை எடை பார்த்துக் கரைத்துச் செலுத்தி, அது எழுப்பும் மேட்டோடு இதை வைத்துப் பார்த்தால்தான், மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராமா, 22 மைக்ரோகிராமா என்ற கேள்விக்கு விடை பிறக்கும். அவ்வாறு ஒப்பிடுவதற்கென்றே சிறு குப்பிகளில் அடைத்து, வெளிச்சம் படாமல் குளிரில் காத்துவரும் பொடிக்குப் பிரமாணப் பொருள் என்று பெயர். சந்தையில் நெல் அளக்கும் படிக்கு மேல் அரசாங்க முத்திரை விழுந்த படி ஒன்று இருப்பதைப் போன்றது அது. அதில் யாரும் சோறு சமைப்பதில்லை.

பிரமாணப் பொருளின் தூய்மையை நிர்ணயிக்கும் வழி சற்று விசித்திரமானது. ஒரு பொருள் எவ்வளவு தூயது என்று நேராகக் கேட்டு நேராக விடை பெறுவது அரிதாகையால், அதில் அதுவல்லாதது எவ்வளவு என்று கேட்டு, நூற்றிலிருந்து கழித்துக்கொண்டே வருகிறார்கள். தங்கியிருக்கும் ஈரம் எவ்வளவு, தயாரிக்கும்போது பயன்பட்ட கரைப்பான்களின் மிச்சம் எவ்வளவு, எரித்தால் எஞ்சும் சாம்பல் எவ்வளவு, உறவுடைய வேறு ஈஸ்ட்ரோஜன்கள் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அளந்து நீக்கியபின் நிற்பதே அந்தப் பொருளின் தூய்மை. எத்தினைல் ஈஸ்ட்ரடயாலை ஈஸ்ட்ரோன் என்னும் இயற்கை ஹார்மோனிலிருந்து ஆக்குகிறார்களாதலால், தாய்ப்பொருளாகிய ஈஸ்ட்ரோன் மாறாமல் சிறிது தங்கிவிட்டதா என்று தேடுவது இக்கழித்தலில் முக்கியமான ஒரு படி. நம் தேசத்தில் இந்தப் பொறுப்பு காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தினுடையது. 1955-இல் முதற் பதிப்பு வெளிவந்த இந்திய மருந்தியல் நூலை இன்று பராமரித்து வருவதும், அந்நூல் கோரும் பிரமாணப் பொருள்களை ஆய்வுச்சாலைகளுக்கு வழங்குவதும் அந்த ஆணையமே.

மாத்திரையின் எடையோடு ஒப்பிட மருந்து இத்தனை குறைவாக இருக்கும்போது, ஆயிரக்கணக்கான மாத்திரைகளின் சராசரி சரியாக இருந்துவிட்டால் போதாது. பால்சர்க்கரையும் மாவும் நிறைந்த ஒரு பெருங்கலவையில் ஒரு பிடி மருந்தைச் சீராகப் பரப்புவது எளிதல்ல. ஒரு மாத்திரையில் இரட்டிப்பாகவும் மற்றொன்றில் பாதியாகவும் விழுந்திருக்க, சராசரி மட்டும் அப்பழுக்கின்றி நிற்கலாம். ஆகவே பத்து மாத்திரைகளைத் தனித்தனியே கரைத்து ஒவ்வொன்றிலும் உள்ளதை அளந்து, 85 முதல் 115 சதவீதம் என்ற எல்லைக்குள் அவை நிற்கின்றனவா என்று பார்ப்பது மருந்தியல் நூல்களின் வழக்கம். சராசரி பார்த்து யாரும் கர்ப்பம் தரிப்பதில்லை என்பது மருந்தியல் நூல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புள்ளிவிவரங்களைக் கொண்டு ஜனங்களை ஆளுகிறவர்களுக்கு இது எப்போதும் நினைவிருப்பதாகச் சொல்ல முடியாது.

30 மைக்ரோகிராம் என்ற தொகையும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அங்கீகாரம் பெற்ற முதல் மாத்திரையாகிய எனோவிட்டில், எத்தினைல் ஈஸ்ட்ரடயாலின் நெருங்கிய உறவான மெஸ்ட்ரனால் 150 மைக்ரோகிராம் இருந்தது. அது அங்கே இடம்பெற்ற வரலாறு தூய்மையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எளிய எண்ணங்களைக் கொஞ்சம் கலைக்கக்கூடியது. ஆதியில் நோரெத்தினோட்ரல் என்னும் ஒரே மருந்தைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பரீட்சித்தார்கள். அதில் மெஸ்ட்ரனால் ஓர் அசுத்தமாகக் கலந்திருந்தது பிறகே தெரியவந்தது. தெரிந்தவுடன் சிரத்தையோடு அதை நீக்கினார்கள். நீக்கியதும் மாத்திரை உண்ட பெண்களுக்கு வேளை தவறிய உதிரப்போக்கு அதிகமாயிற்று. அசுத்தம் என்று விலக்கியதைத் திரும்ப அழைத்து, அளவு குறித்து, மருந்தின் அங்கமாகவே ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளுக்குள், இந்த ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் இரத்தக் குழாய்களில் இரத்தம் கட்டியாக உறைவது மிகுகிறது என்ற செய்தி பிரிட்டனிலிருந்து வந்தது. 1969 டிசம்பரில் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு 50 மைக்ரோகிராமுக்கு மேற்படாத மாத்திரைகளையே கொடுக்கும்படி வைத்தியர்களுக்கு யோசனை கூறியது. படிப்படியாகக் குறைந்து வந்த அந்த அளவே இன்று மாலா-என்னில் 30-இல் நிற்கிறது. குறையக் குறைய, அளப்பவனின் பொறுப்பு கூடிற்று. 150-இல் பத்துப் பிழைத்தால் சிறு பிழை, 30-இல் பத்துப் பிழைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மருந்தை அளந்து அதன் தகுதியை நிர்ணயிக்கும் கலை நீலகிரிக்குப் புதியதன்று. சோலூருக்கு மேற்கே, அதே கூடலூர்ச் சாலையில் உள்ள நடுவட்டத்தில், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இதே பிரச்சினை வேறு வேடத்தில் எழுந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் தென்னமெரிக்காவிலிருந்து 1860, 1861-ஆம் ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட, குளிர்காய்ச்சல் மருந்தாகிய கொய்னாவைப் பட்டையில் கொண்ட சிங்கோனா மரத்தின் விதைகளையும் நாற்றுகளையும், உதகை அரசாங்கத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். மரத்தின் பட்டையை உரித்த இடத்தில் பாசியைப் பொதிந்து கட்டினால் புதுப்பட்டை வளர்வதோடு அதில் மருந்துச் சத்தும் மிகும் என்று அவர் கண்ட உபாயம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. மரம் வளர்ந்துவிட்டது, பட்டையும் வந்துவிட்டது. ஆனால் எந்த மரத்தின் பட்டை எவ்வளவு மதிப்புடையது என்று தோட்டக்காரனின் கண் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கென்றே ஜான் பிராட்டன் என்ற ரசாயன நிபுணரைச் சென்னை அரசாங்கம் 1866-இல் உதகைக்கு அனுப்பிற்று. அவருடைய உத்தியோகத்தின் பெயரே கொய்னா நிபுணர். 1874 வரையில் அவர் இம்மலையில் பட்டைகளைப் பகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கோனாப் பட்டையில் கொய்னா ஒன்று மட்டும் இல்லை. குவினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்று அதன் சகோதரப் பொருள்கள் மூன்று உடன் இருக்கின்றன. ஐரோப்பியச் சந்தையோ கொய்னா ஒன்றையே எடை பார்த்து விலை பேசிற்று. நீலகிரியில் செழித்து வளர்ந்த செம்பட்டைச் சிங்கோனாவில் மருந்துச் சத்து மொத்தத்தில் மிகுதி. ஆனால் அதில் கொய்னாவின் பங்கு குறைவு. சந்தையின் கணக்கில் ஆகவே அது இரண்டாந்தரம். நான்கு பொருள்களையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று சென்னை அரசாங்கம் 1866-இல் ஒரு குழுவை நியமித்தது. குளிர்காய்ச்சல் கண்ட பெருந்தொகையான நோயாளிகளுக்கு நான்கையும் கொடுத்துப் பரிசோதித்தபின் கிடைத்த விடை வியப்பானது: ஆயிரம் நோயாளிகளுக்குக் குவினிடின் 6 பேரிடத்தும், கொய்னா 7 பேரிடத்தும், சிங்கோனிடின் 10 பேரிடத்தும், சிங்கோனின் 23 பேரிடத்தும் மட்டுமே பயன்படாமல் போயின. குவினிடின் கொய்னாவுக்குச் சமானமாகவே நின்றது. மற்றவையும் ஏழை நாட்டுக்கு ஏற்ற மருந்துகள்தாம். பிற்காலத்தில் டார்ஜிலிங் பக்கத்தில் இந்நான்கையும் பிரிக்காமல் சேர்த்தே எடுத்து, சிங்கோனா ஜ்வரநாசினி என்று மலிவாக விற்றதற்கு இந்த அனுபவமே ஆதாரம். எனினும் சந்தையின் அளவுகோல் மாறவில்லை. கொய்னா மிகுந்த லெட்ஜர் வகை மரத்தை ஜாவாவில் பயிரிட்ட டச்சுக்காரர்கள் உலக வியாபாரத்தைக் கைப்பற்றிக்கொண்டார்கள். காய்ச்சலைத் தணிப்பதில் பின்வாங்காத நீலகிரிப் பட்டை, தேர்ந்தெடுத்த ஒரு பிரமாணத்தின் முன் பின்வாங்கிற்று.

இந்தப் பழங்கதையை இங்கே இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. பிரமாணப் பொருள் ஒன்றை நாட்டிவிட்டால், எல்லாக் கேள்விகளும் ‘இதனோடு ஒப்பிட எவ்வளவு’ என்ற ஒரே கேள்வியாக உருமாறிவிடுகின்றன. அந்தக் கேள்விக்கு ஆய்வுச்சாலை தரும் விடை எத்தனை தசம ஸ்தானங்களுக்குச் சரியாக இருந்தாலும், அந்தக் கேள்வியே சரியானதா என்பதை அந்தத் தசமங்கள் ஒருபோதும் சொல்லா. ஈஸ்ட்ரோஜன்களின் சரித்திரம் முழுவதும் இதற்கு உரையாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சரித்திரம் ரசாயனத்தில் தொடங்கவில்லை, எலிக்கூண்டில் தொடங்கிற்று. 1923-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும், சூலகம் நீக்கிய சுண்டெலிக்கு ஒரு சாற்றைச் செலுத்தி, அதன் யோனிச் சுவரின் உயிரணுக்களை உருப்பெருக்கியில் பார்த்து, அவை காய்ந்து தடித்திருந்தால் சாற்றில் ஹார்மோன் உண்டு என்று கண்டறியும் முறையை வகுத்தார்கள். ஹார்மோனின் ரசாயன வடிவம் யாருக்கும் தெரியாத காலத்தில், எத்தனை துளிக்கு எலி ‘ஆம்’ என்கிறதோ அதுவே அலகு. ஒரு தேசத்து எலிக்கும் மறு தேசத்து எலிக்கும் ஒற்றுமை இல்லாததால் அலகுகளும் ஊருக்கு ஒன்றாக இருந்தன. (எலியை அளவுகருவியாகக் கொள்வதில் நம் மலைக்கும் பங்குண்டு. அதே பத்தாண்டில் குன்னூர்ப் பாஸ்டர் நிலைய வளாகத்தில் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி ஜனங்களின் உணவுகளை வெவ்வேறு எலிக்கூட்டங்களுக்கு ஊட்டி, எது நன்கு வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கியர் உணவு உண்ட எலி கொழுத்து வளர, சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு உண்ட எலி இளைத்து நின்றது நமக்குப் பெருமை தருவதன்று. ஆனால் அந்த ஆய்வுகளே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசியப் போஷாக்கு நிலையமாக வளர்ந்தன.) 1932-இல் நாடுகளின் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஆதரவில் லண்டனில் கூடிய நிபுணர்கள், எலிகளின் பூசலைத் தீர்க்க ஒரு வழி கண்டார்கள். தூய ஈஸ்ட்ரோன் பளிங்கை ஒரே இடத்தில் பத்திரப்படுத்தி, அதில் 0.1 மைக்ரோகிராமுக்கு உள்ள ஆற்றலே ஒரு சர்வதேச அலகு என்று விதித்தார்கள். அன்றுமுதல் ஒவ்வோர் ஆய்வுச்சாலையும் தன் எலியை அந்தப் பளிங்கைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். உயிரின் சாட்சியத்தைப் பொருளின் சாட்சியத்தால் திருத்திய அந்தத் தீர்மானமே இன்றுள்ள குப்பிகளுக்கெல்லாம் மூதாதை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1938-இல், இரண்டு செயற்கை ஈஸ்ட்ரோஜன்கள் ஒரே ஆண்டில் வெளிப்பட்டன. பெர்லினில் ஷெரிங் கம்பெனியின் ஆய்வாளர்களான இன்ஹாஃபனும் ஹோல்வெக்கும், இயற்கை ஹார்மோனின் பதினேழாவது கரியணுவில் எத்தினைல் தொகுதியை ஒட்டவைத்தார்கள். இயற்கை ஹார்மோன் வாய்வழி உட்கொண்டால் குடலையும் ஈரலையும் கடப்பதற்குள் பெரும்பகுதி சிதைந்துபோகும்; இந்த ஒட்டு அந்தச் சிதைவைத் தடுத்ததனால்தான் 30 மைக்ரோகிராம் மாத்திரை என்ற ஒன்று பின்னாளில் சாத்தியமாயிற்று. லண்டனிலோ எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சன் முதலியோரோடு சேர்ந்து, ஹார்மோனின் உருவத்தோடு யாதொரு வெளிச் சாயலுமில்லாத, செய்வதற்கு எளிய, மிக மலிவான டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலைக் கண்டுபிடித்தார். பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியாதலால் அதற்கு யாரும் காப்புரிமை பெறவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

விற்றார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940-களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு அது தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1953-இல் சிக்காகோவில் டீக்மனும் அவருடைய குழுவினரும் நடத்திய ஒழுங்கான பரீட்சையில் அதனால் அத்தகைய நன்மை ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பழக்கம் ஓயவில்லை. 1971-இல் பாஸ்டன் நகர வைத்தியர்களான ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், போஸ்கான்சர் மூவரும், இளம் பெண்களிடத்தில் மிக அரிதாகவே காணப்படும் ஒருவகைப் புற்றுநோய் கண்ட எட்டுப் பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் இந்த மருந்தை உண்டிருந்தது வெளியாயிற்று. அந்த ஆண்டிலேயே கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க அரசாங்கம் எச்சரித்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மாத்திரைகள் கலப்படமானவை அல்ல. பிரமாணத்தோடு ஒப்பிட்டால் தேறியிருக்கக்கூடியவை. அவை எதைச் சொல்லினவோ அதையே கொண்டிருந்தன, கொண்டிருந்ததே கேடாயிற்று. இன்று டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலுக்கு ஆய்வுச்சாலைகளில் முக்கியமாக எஞ்சியிருக்கும் உத்தியோகம், பிரமாணப் பொருளாக நிற்பது. மாட்டிறைச்சியிலும் கோழியிறைச்சியிலும் யாரேனும் அதைக் கள்ளத்தனமாகக் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமானால், ஒப்பிடுவதற்கு அதே பொருளின் தூய மாதிரி தேவைப்படுகிறதல்லவா? குற்றவாளி தன் குற்றத்தையே கண்டுபிடிக்கத் துணை நிற்கும் இந்த ஏற்பாட்டில் ஒருவகை நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அளப்பதற்கும் அறிவதற்கும் உள்ள இடைவெளி ஆய்வுச்சாலைச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. உபாசி என்று சுருக்கமாக வழங்கும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கம் 1971-இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பிறப்பின்மைப் போனஸ் என்பது அதன் கருத்து. வேலை செய்யும் பெண்ணின் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு. அவள் கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் அதில் ஐந்து ரூபாய். குறித்த எண்ணிக்கைக்கு மேல் பிள்ளை பிறந்தால் சேர்ந்ததில் ஒரு பகுதி பறிபோகும். பிள்ளைப்பேற்றுக் காலம் கழிந்தபின் மிச்சம் அவள் கைக்கு வரும். குடும்பக் கட்டுப்பாட்டு நூல்களில் உலகமெங்கும் உதாரணமாக எடுத்துக்காட்டப்பட்ட திட்டம் இது. நிர்வாகத்துக்கும் லாபம், தொழிலாளிக்கும் முதுமையில் ஒரு தொகை என்று அதை வகுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கணக்கிட்டார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. லயத்து வீடுகளில் பிரசவம் பிரசவமாகத் தேய்ந்த பெண்களின் நிலை அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் ஒரு பெண்ணின் உடல் மாதந்தோறும் பேரேட்டில் ஏறி, வெறுமையாக இருந்ததற்குக் கூலி பெறும்படி அமைந்த அந்தக் கணக்கில், அவளுக்கு என்ன விருப்பம் என்பதை எழுதுவதற்கு ஒரு பத்தியும் இல்லை. பிறவாத பிள்ளையை எண்ணத் தெரிந்த அளவுகோல், வேண்டிய பிள்ளையை எண்ணத் தெரிந்துகொள்ளவில்லை. சுகாதார நிலையத்தில் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்பவளும், வேண்டாமென்று திருப்பிக் கொடுப்பவளும் அந்தப் பேரேட்டைவிட ஒரு படி மேலான இடத்தில் நிற்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த அட்டையிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடயாலோ, மருந்தாக உடலுக்குள் சென்று, முழுவதும் சிதையாமல் வெளியேறி, சாக்கடை வழியே நீர்நிலைகளை அடைகிறது. ஈரலின் சிதைவைத் தாங்குவதற்காகச் சேர்த்த அதே எத்தினைல் ஒட்டு, தண்ணீரிலும் அதை எளிதில் அழியாமல் காக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றில், கேரன் கிட் என்பவரின் தலைமையில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் இருக்கும்படி இதைக் கலந்து வந்தார்கள். ஆண்மீன்கள் முட்டைக்கருப் புரதத்தை உற்பத்தி செய்யத் தொடங்கின. சிறு மீனினம் ஒன்று அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றே போயிற்று. அந்த அளவு எவ்வளவு நுண்ணியது என்று அறிய விரும்புவோர், மாலா-என் அட்டையின் ஒரே ஒரு மாத்திரையை 5,000 லிட்டர் தண்ணீரில் கரைத்ததாக எண்ணிக்கொள்ளலாம். சோலூர் ஓடைகளில் மீன்கள் இவ்விதம் மாறுகின்றன என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மக்கள் நெருக்கம் மிகுந்து நீர் சுருங்கும் இடத்தில்தான் இந்த அபாயம் மிகும். நானோகிராமை அளக்கவும் அதே பிரமாணக் குப்பியைத்தான் திறக்க வேண்டும் என்பதே இங்கே பொருத்தமான செய்தி.

தேயிலை மலைக்கு நெருக்கமான கேள்வி வேறொன்று. தேயிலைச் செடியைக் கெடுக்கும் சிவப்புச் சிலந்திக்கு எதிராக நம் தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட டைகோஃபால், டி.டி.டி.யிலிருந்து செய்யப்படுவது; அதில் நீங்காமல் எஞ்சும் டி.டி.டி. வகைகளில் ஒன்று ஈஸ்ட்ரோஜனைப் போல் நடிக்கக்கூடியது. எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிமருந்தும் அவ்வாறே என்று 1990-களில் சில ஆய்வுகள் சொல்லின. இத்தகைய சந்தேகங்களைத் தீர்ப்பதற்கென்று 2007-இல் பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) ஒரு பரிசோதனை முறையை வகுத்தது. இளம் பெண் எலிகளுக்கு மூன்று நாள் தொடர்ந்து சந்தேகப் பொருளைக் கொடுத்து, மறுநாள் கருப்பையின் எடையைப் பார்க்கிறார்கள். எலிகள் ஒழுங்காகத்தான் பதில் சொல்லுகின்றனவா என்று சரிபார்க்க எடுத்துக்கொள்ளும் பிரமாணம் நம் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலே. ஆலன், டாய்சி காலத்து எலி எண்பது ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் மறுபடியும் ஏறியிருக்கிறது, பக்கத்தில் பளிங்குப் பொடியைத் துணையாக வைத்துக்கொண்டு.

இம்மாதிரி ஒப்பீடுகளில் பூச்சிமருந்துகள் மிக எளிதாகத் தப்பிவிடுகின்றன. மனித உயிரணுக்களை வளர்த்து நடத்திய ஒரு பரிசோதனையில் எண்டோசல்ஃபானின் ஈஸ்ட்ரோஜன் ஆற்றல், இயற்கை ஹார்மோனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்காயிற்று. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றுமில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆனால் மாத்திரை உண்பவள் 30 மைக்ரோகிராமை எண்ணி உண்கிறாள். வேண்டாத நாளில் நிறுத்திவிடுகிறாள். முதுகில் தெளிப்பானைச் சுமந்து காற்றின் போக்கில் நடப்பவனுக்கும், தெளித்த சில நாளில் அதே செடியில் கைவைப்பவளுக்கும் உட்செல்வதை எண்ணிக் கொடுப்பார் யாருமில்லை. உடலில் கொழுப்போடு தங்கி நாள்பட நாள்பட மிகும் தன்மையும் டைகோஃபால் போன்றவற்றுக்கு உண்டு. தவிரவும், ஈஸ்ட்ரோஜன் போல் நடிப்பது ஒரு நஞ்சு செய்யக்கூடிய பல காரியங்களில் ஒன்றேயொழிய முழுவதுமன்று. நரம்பைத் தாக்கும் எண்டோசல்ஃபானை எலியின் கருப்பை எடையைக் கொண்டு நிரபராதி என்று விடுவிப்பது, செம்பட்டையைக் கொய்னா ஒன்றினால் நிறுத்துப் பார்த்த அந்தப் பழைய தவற்றின் மறுபக்கமே. அங்கே நல்லது குறைவாக மதிக்கப்பட்டது, இங்கே தீயது குறைவாக மதிக்கப்படும்.

நல்லவேளையாகச் சட்டம் அந்த ஓர் அளவுகோலை நம்பி இருந்துவிடவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது; அதே ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலிலும் அது சேர்ந்தது; டைகோஃபால் 2019-இல் சேர்ந்தது. டைகோஃபாலைப் பட்டியலில் ஏற்றிய நிபுணர்கள் எழுப்பிய கேள்விகள், அது மண்ணிலும் நீரிலும் எத்தனை காலம் நிலைக்கிறது, உயிரினங்களின் உடலில் எவ்வளவு திரளுகிறது, தெளித்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன தீங்கு செய்கிறது என்பன. ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட எத்தனையில் ஒரு பங்கு என்ற கணக்கை வைத்து அவர்கள் அந்த முடிவுக்கு வரவில்லை.